“நீ ஏசுவேன்னுதான்யா சொல்லல”

முக்கூடலில் கிளைத் தோழர்களுக்காக நடந்த பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்றைக்கு வர முடியாத தோழர்கள் பலர் கேட்டதால் முழுவதும் பதிவிடுகிறோம். பேச்சு வழக்கை அப்படியே விட்டிருக்கிறோம்.



பீடிக்கடையில கணக்கு முடிச்சிட்டு, வீட்ல சோறும் பொங்கி வச்சிட்டு ஓடி வந்திருக்கிற அக்காமாருக்குத் தனியா ஒரு வணக்கம். எனக்குக் குடுத்த தலைப்பு “வாட்ஸ்அப் புரளிகளை முறியடிப்போம்”. முறியடிக்கிறதைப் பத்தி நம்ம ஆளுங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். மைக்கைப் புடிச்சா அரை மணி நேரம் முறியடிப்போம். எதிரே இருக்கிறவங்க மனசு மாறுச்சான்னு மட்டும் பாக்க மாட்டோம். அதனால நான் வேற ஒண்ணு பேசப் போறேன். நம்ம சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, நம்ம ஓட்டுக் கேட்டுப் போற வீட்டுக்காரங்க ஒரு சதிக்கதையைக் கொண்டுவந்து “பாத்தியா, கேட்டியா”ன்னு சொல்லும்போது, கோபப்படாம எப்படிப் பதில் சொல்றது?

இதைச் சொல்லிக் குடுக்க எனக்கு என்ன தகுதின்னா, நான் இதுல படுமோசமா தோத்தவன்.

2021 ஏப்ரல். நடிகர் விவேக்கை நினைச்சுப் பாருங்க. நம்ம பக்கத்து மனுசன், சங்கரன்கோவில் பக்கம் பெருங்கோட்டூர்தான் பூர்வீகம். ஏப்ரல் 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில, எல்லாருக்கும் தைரியம் வரட்டும்னு கேமரா முன்னாடி உக்காந்து கோவேக்சின் ஊசி போட்டுக்கிட்டாரு. மறுநாள் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்தாரு. 17ஆம் தேதி விடியக்காலை இறந்துட்டாரு. 59 வயசு.

அன்னைக்குத் தமிழ்நாட்டுல எந்த வீட்ல இந்தப் பேச்சு ஓடல? எங்க அத்தை குடும்ப குரூப்புல ஒரு ஆடியோவைத் தட்டிவிட்டாங்க. ஏதோ ஒரு ஆம்பளைக் குரல், டாக்டர்னு சொல்லிக்கிட்டு. ஊசி நம்மளை எண்ணிக்கை குறைக்கத்தான், வெளிநாட்டுப் பணக்காரன் திட்டம், விவேக் அதுக்கு முதல் சாட்சின்னு அழுகாத குறையா பேசுறான்.

நான் என்ன செஞ்சேன்? கட்சிக்காரன், நாலு எழுத்து படிச்சவன். முப்பத்து நாலு பேர் இருக்கிற குரூப்புல எழுதினேன்: “அத்தை, இதை நம்புறதுக்கு மூளையைக் கழட்டி வச்சிருக்கணும். உங்களுக்கு என்ன தெரியும்னு இதெல்லாம் அனுப்புறீங்க?” அதுக்குக் கீழ மூணு லிங்க். என் தம்பிமாரு சிரிக்கிற பொம்மை போட்டாங்க. அத்தை ஒண்ணும் சொல்லல. எனக்கு அன்னைக்கு ராத்திரி நல்ல தூக்கம்.

மே மாசம் மாமாவுக்குக் காய்ச்சல். ரெண்டு பேருமே ஊசி போடல. ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்திருக்காங்க, கசாயம் குடுத்திருக்காங்க. நாலாம் நாள் சாயங்காலம் அத்தை மக போன் பண்ணுறா, “அண்ணே, அப்பாவுக்கு மூச்சு வாங்குது.” போய்ப் பாத்தா ஆக்சிஜன் 84. பாளையங்கோட்டை ஐகிரவுண்டுல கொண்டு சேர்த்தோம். 16 நாள் கிடந்து பிழைச்சு வந்தாரு. அந்த மாசம் எத்தனை பேர் பிழைக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசல்ல வேப்பமரத்தடியில அத்தைகிட்ட கேட்டேன், “முதல் நாளே ஏன் சொல்லல? பெட்டு வாங்கிக் குடுக்க, டெஸ்ட் எடுக்க, ஊர் முழுக்க நான்தானே ஓடிக்கிட்டு இருந்தேன்?”

“நீ ஏசுவேன்னுதான்யா சொல்லல.”

அவ்வளவுதான் சொன்னாங்க. அந்த நாலு நாள் என்னால போனது தோழர்களே. ஆடியோ அனுப்புன அந்தப் போலி டாக்டருக்கும் அதுல பங்கு இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க அத்தை வீட்டுக் கதவைச் சாத்தினது நான். நான் குரூப்புல போட்ட மூணு லிங்குல ஒண்ணைக்கூட அத்தை திறக்கல. அது இங்கிலீஷ்ல இருந்துச்சு.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சு, ஒரு மத்தியானம் அத்தை சொளவை மடியில வச்சு இலை சுத்திக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல உக்காந்து கேட்டேன், “நெசமாவே ஊசி நம்மளைக் கொல்லத்தான்னு நினைச்சீங்களா?” கையை நிறுத்தாம சொன்னாங்க: “அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. ஊசி போட்டவளுக எல்லாம் ரெண்டு நாள் மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தாளுக. நான் கிடந்தா யார் இலை சுத்துவா? வாங்கின இலைக்கும் தூளுக்கும் கணக்குக் குடுக்கணும்லா?”

கேட்டீங்களா? அத்தையோட கேள்வியில வெளிநாட்டுப் பணக்காரன் கிடையாது. ரெண்டு நாள் கூலி இருந்துச்சு. அதை வெளியில சொல்லக் கூச்சம். அந்த நேரத்துல ஒரு ஆடியோ வந்து “நீ பயப்படுறது சரிதான், பெரிய காரணம் இருக்கு”ன்னு சொல்லுது. அதைப் புடிச்சுக்கிட்டாங்க. நான் பணக்காரன் கதைக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன். கூலிக்குப் பதில் சொல்லல. அன்னைக்கே “ரெண்டு நாள் நம்ம பிள்ளைக வந்து இலை வெட்டித் தரும், கடையில நான் பேசுறேன்”னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பாங்களோ என்னமோ.

இது எங்க அத்தை கதை மட்டும் இல்ல. 1934 ஜனவரி 15, பீகார்ல பெரிய நிலநடுக்கம். ஆயிரக்கணக்குல செத்தாங்க. அப்போ ஜமுனா பிரசாத்னு ஒரு இந்திய உளவியல் அறிஞர், அதுக்கப்புறம் பரவின வதந்திகளைச் சேகரிச்சாரு. நிலநடுக்கத்தை உணர்ந்த, ஆனா பெரிய சேதம் எதுவும் நடக்காத ஊர்கள்ல, “இன்னும் பெரிசா வரப் போகுது, பிரளயம் வரப் போகுது”ன்னு பேச்சு பரவியிருக்கு. அமெரிக்காவுல ஃபெஸ்டிங்கர்னு ஒருத்தர் இதைப் படிச்சிட்டு யோசிச்சாரு: நடுக்கம் முடிஞ்சிருச்சு, வீடும் நிக்குது, அப்புறம் எதுக்கு மேலும் பயமுறுத்துற கதையை மனுசன் நம்பணும்? அவர் கண்ட பதில்: பயம் ஏற்கெனவே உள்ளே உக்காந்திருக்கு, அதுக்கு ஒரு காரணம் வேணும், அந்தக் கதை காரணத்தைக் குடுக்குது. 1957ல அவர் எழுதின பெயர்பெற்ற புத்தகத்துக்கு இந்த பீகார் வதந்திதான் ஒரு விதை.

அதனால யாராவது கதையோட வந்தா, முதல்ல கதையை விடுங்க. பயம் எங்க இருக்குன்னு பாருங்க.

இப்போ ஒரு தோழர் மனசுக்குள்ள கேப்பாரு: “அரசாங்கம் சொல்றதை எல்லாம் நம்புன்னு சொல்லவா கட்சியில சேர்ந்தோம்?” நியாயமான கேள்வி. இந்த ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு “அதிகாரிங்க பொய் சொல்ல மாட்டாங்க”ன்னு நான் சொன்னா தாமிரபரணி என்னைப் பாத்துச் சிரிக்கும். 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக திருநெல்வேலியில கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவங்களைத் தடியால அடிச்சு விரட்டி, ஆத்துல 17 பேர் செத்தாங்க. கைக்குழந்தையும் அதுல உண்டு. 2018 மே 22, தூத்துக்குடியில துப்பாக்கிச்சூடு, 13 பேர். அன்னைக்குச் சொல்லப்பட்ட கதை என்ன, நாலு வருசம் கழிச்சு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது என்ன? போலீஸ்தான் எல்லை மீறுச்சுன்னு அறிக்கையே வந்தது.

ஆக, சந்தேகப்படுறது குத்தம் இல்ல. சந்தேகப்படுற மக்களை முட்டாள்னு சொல்றவன் இந்த மாவட்டத்துச் சரித்திரம் தெரியாதவன். ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. தூத்துக்குடியில உண்மை எப்படி வெளிய வந்தது? பிரேதப் பரிசோதனை, குண்டு பாய்ஞ்ச இடம், பேர் சொல்லிச் சாட்சி சொன்ன ஆளுங்க, வீடியோ, விசாரணை. ஒவ்வொண்ணையும் இன்னொருத்தர் சரிபாக்கலாம், மறுக்கலாம். இந்த இலுமினாட்டி வகைக் கதையில ஆதாரம் எங்கன்னு கேட்டா, “ஆதாரம் இல்லாததே ஆதாரம், மறைச்சிட்டாங்க”ம்பான். எதைக் காட்டினாலும் அசையாது. எதை வச்சு இது தப்புன்னு ஒத்துக்குவேன்னு அவனே சொல்ல முடியாது. முதல் வகையில நம்ம கூட நிக்கணும். ரெண்டாவது வகையில கோவப்படாம கேள்வி கேக்கணும்.

நம்ம தொழில்லயே ஒரு உதாரணம். 2016 ஏப்ரல்ல இருந்து புகையிலைப் பாக்கெட்டுல 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடணும்னு சட்டம் வந்தது. பீடிக் கம்பெனிங்க மூடிப் போட்டாங்க. வேலை இல்லாம நம்ம பொம்பளைங்க தவிச்சது ஞாபகம் இருக்கும். அப்போ இங்க எல்லாத் திண்ணையிலயும் ஒரே பேச்சு: சிகரெட் கம்பெனிக்காரன் பீடியை ஒழிக்கச் செஞ்ச சதி. எனக்கும் அதை நம்ப ஆசைதான், ஏன்னா எதிரியோட முகம் தெளிவா தெரியுது பாருங்க. ஆனா அதே படம், அதே அளவு சிகரெட் பாக்கெட்டுக்கும் உண்டு. பெட்டிக்கடையில போய்ப் பாத்தா தெரிஞ்சிரும். அந்தக் கதையைப் பேசிக்கிட்டு இருந்த நேரத்துல, வேலை இல்லாத நாளுக்குக் கூலி யார் குடுக்கிறது, மாத்துத் தொழில் என்னன்னு கேக்காம விட்டுட்டோம். சதிக்கதையில எனக்குள்ள பெரிய வருத்தமே இதுதான். கேக்க வேண்டிய ஆளைக் கேக்க விடாம, கண்ணுக்குத் தெரியாத ஆளைக் காட்டிவிட்டுப் போயிரும்.

சரி, எப்படிப் பேசுறது?

குரூப்புல பேசாதீங்க. நாலு பேர் முன்னாடி தப்புன்னு சொன்னா, எங்க அத்தை மாதிரி நல்ல மனுசியும் வாயை மூடிக்கிடுவாங்க, இல்ல பிடிவாதம் பிடிப்பாங்க. தனியா போன் போடுங்க. வீட்டுக்குப் போக முடிஞ்சா இன்னும் நல்லது, காபி குடுத்தா குடிச்சிட்டுப் பேசுங்க. குரூப்புல கட்டாயம் ஏதாவது சொல்லணும்னா, “இதை நான் விசாரிச்சிட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்”னு ஒரு வரி போதும். பேரைச் சொல்லிக் குத்தம் சொல்லாதீங்க.

முதல் வார்த்தை கேள்வியா இருக்கட்டும். “யாரு அனுப்புனா அண்ணாச்சி?” “இதுல உங்களுக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?” போலீஸ் விசாரணை மாதிரி கேக்கக் கூடாது. நெசமாவே தெரிஞ்சுக்கிற ஆசையில கேக்கணும். போலிக் கேள்வியை நம்ம ஜனங்க உடனே கண்டுபிடிச்சிருவாங்க.

அப்புறம், அதுல எது உண்மையோ அதை ஒத்துக்கங்க. இதுதான் நமக்கு ரொம்பக் கஷ்டம். விவேக் விஷயத்தையே எடுத்துக்கங்க. இன்னைக்கு அத்தை அதே ஆடியோவை அனுப்பினா நான் இப்படிச் சொல்வேன்: “ஆமா அத்தை, ஊசி போட்ட மறுநாள்தான் விழுந்தாரு. கேட்டா யாருக்கும் பயம் வரும். ஊசியில பக்கவிளைவே கிடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன். கோவிஷீல்டு ஊசியால ரொம்ப ரொம்ப அபூர்வமா ரத்தம் உறையுற பிரச்சினை வரலாம்னு அந்தக் கம்பெனியே ஒத்துக்கிட்டிருக்கு. விவேக் போட்டது அது இல்ல. அவருக்கு இதயத்துக்குப் போற முக்கியமான ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருந்ததுன்னு பாத்த டாக்டருங்க சொன்னாங்க. இந்தியா முழுக்க இந்த மாதிரிச் சாவுகளை ஆராயுற குழு, அக்டோபர் மாசம் ஊசிக்கும் அவர் சாவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு முடிவு சொல்லிச்சு.”

அதுக்கு மேல ஒரு கணக்கு சொல்வேன், அவங்களுக்குப் புரியிற மாதிரி. நம்ம நாட்டுல தினமும் எத்தனையோ பேருக்கு மாரடைப்பு வருது. ஊசி வர்றதுக்கு முன்னாடியும் வந்தது. ஒரே நாள்ல லட்சக்கணக்கான பேருக்கு ஊசி போடும்போது, அதுல சில பேருக்கு மறுநாள் மாரடைப்பு வரத்தான் செய்யும். ஊசி போடாம வீட்ல இருந்திருந்தாலும் வந்திருக்கும். முத்துமாலை அம்மன் கோயில்ல சாமி கும்பிட்டு வந்த மறுநாள் ஒருத்தர் விழுந்துட்டா, அம்மன் மேல பழி போடுவமா?

இவ்வளவுதான் சொல்லணும். ஒண்ணு, ரெண்டு விஷயம். பத்துச் சொன்னா பத்தும் போயிரும். சொல்லிட்டு, “இப்போ ஒத்துக்கிடுறீங்களா இல்லையா”ன்னு நிக்கக் கூடாது. எந்த மனுசனும் உக்காந்த இடத்துல உடனே “ஆமா, நான் முட்டாளா இருந்துட்டேன்”னு சொல்ல மாட்டான். நீங்க சொல்வீங்களா? விட்டுட்டு வந்திரணும். ரெண்டு நாள் கழிச்சு அவரே வேற ஏதோ பேசுற சாக்குல கேப்பாரு.

ஆதாரம் காட்டி என்ன பிரயோஜனம், நம்புறவன் நம்பத்தான் செய்வான்னு சில தோழர்கள் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். 2024ல அமெரிக்காவுல 2,190 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்தது, ‘சயின்ஸ்’ இதழ்ல. ஏதாவது ஒரு சதிக்கதையை நம்புற ஆளுங்களை ஏஐ கூட கொஞ்ச நேரம் பேசவிட்டாங்க. நம்பிக்கை சராசரியா 20 சதவீதம் குறைஞ்சது. ரெண்டு மாசம் கழிச்சுக் கேட்டப்பவும் அது அப்படியே இருந்தது. அந்த மிஷின் செஞ்சது, ஒவ்வொரு ஆளும் “நான் நம்புறதுக்கு இதுதான் காரணம்”னு சொன்ன அந்தக் குறிப்பிட்ட காரணத்துக்குப் பொறுமையா பதில் சொன்னது. பொதுவா பிரசங்கம் பண்ணல. இன்னொண்ணும் இருக்கு, மிஷினுக்கு ரோஷம் கிடையாது. நமக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி.

ஆனா எல்லா நேரத்துலயும் காபி குடிச்சுக்கிட்டு நிதானமா பேச முடியாது. இதைச் சொல்லாம நான் இறங்கினா தப்பு.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல வாரக்கணக்கா ஓடிக்கிட்டு இருந்த நேரம். சென்னையில இருந்து ஒரு குடும்பம் கார்ல குலதெய்வம் கோயிலுக்குப் போகுது. வழி தெரியாம நிறுத்துறாங்க. அங்க விளையாடின பிள்ளைகளுக்கு ஒரு அம்மா சாக்லேட் குடுக்கிறாங்க. 65 வயசு அம்மா. அவ்வளவுதான் நடந்தது. ஊரே கூடி அடிச்சது. அந்த அம்மா செத்துட்டாங்க.

பங்குனி உத்திரத்துக்கு நம்ம பக்கம் எத்தனை கார் வருது? மும்பையில இருந்து, சென்னையில இருந்து, சாஸ்தா கோயில் எங்க இருக்குன்னே தெரியாம, பாட்டன் பேரை மட்டும் வச்சுக்கிட்டு நம்ம முக்குல நிறுத்தி வழி கேக்குறாங்க. நம்ம பிள்ளைக கன்னத்தைக் கிள்ளி மிட்டாய் குடுக்கிறாங்க. அத்திமூர்ல அடிச்சவங்க யாரும் ரவுடி இல்ல. பிள்ளை பெத்தவங்க. பயந்தவங்க. அந்த வருசம் நாடு முழுக்க இப்படிச் சாவு விழுந்த பிறகுதான், ஜூலையில வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவுல ஒரு தகவலை அஞ்சு பேருக்கு மேல மொத்தமா அனுப்ப முடியாதுன்னு கட்டுப்பாடு வச்சது. மேல ரெட்டை அம்புக்குறி வருது பாருங்க, பல கை மாறி வந்ததுன்னு அர்த்தம். அதைப் பாத்தாலே ஒரு நிமிசம் கையை நிறுத்தணும்.

2023 மார்ச்ல பீகார் தொழிலாளர்களை இங்க வெட்டுறாங்கன்னு வடக்கே பரவினதும் இதே கதைதான். வேற எங்கயோ நடந்த வீடியோவை எடுத்து ஒட்டினாங்க. பீகார்ல இருந்து அதிகாரிங்க நேர்ல வந்து பாத்துட்டுப் போனாங்க. இங்க வேலை பாத்த பிள்ளைங்க பயந்து ரயிலேறினாங்க. ஒருநாள் நாம அவங்களைப் பத்திப் பயப்படுவோம், ஒருநாள் அவங்க நம்மளைப் பத்திப் பயப்படுவாங்க. போன் ஒண்ணுதான்.

இப்படிக் கூட்டம் கூடுற இடத்துல புள்ளிவிவரம் பேசாதீங்க. நடுவுல போய் நில்லுங்க. நம்ம ஊர்ல மரியாதை உள்ள ரெண்டு பெரியவங்களைக் கூட்டிட்டுப் போங்க. “நம்மளே கூட்டிட்டுப் போய் ஸ்டேஷன்ல கேப்போம்”னு சொல்லுங்க. 100க்கோ 112க்கோ ஒரு ஆள் போன் போடட்டும். குரலை உயர்த்தாம, ஆனா இடத்தை விட்டு நகராம.

கடைசியா நம்ம வீட்டுக் குப்பை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட ஜனங்க மாட்டிக்கிட்டாங்க, ஜங்ஷன் மூழ்கிருச்சு. அந்த ராத்திரி நம்ம கிளை குரூப்புல, நம்ம குரூப்புலதான், ஒரு ஆடியோ: பாபநாசம் அணை உடைஞ்சிருச்சு, விடியறதுக்குள்ள தண்ணி வந்திரும். போட்டது நம்ம தோழர். கெட்ட எண்ணம் இல்ல. ஒரு வீட்ல எண்பது வயசுப் பாட்டியை நனைய நனைய மாடிக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

அதை நிறுத்துனது யாரு தெரியுமா? இங்க மூணாவது வரிசையில உக்காந்திருக்கிற அண்ணாச்சி. பேர் சொல்ல வேண்டாம்னுட்டாரு. அவர் கத்தல, ஏசல. ஒரு ஆடியோ போட்டாரு: “வி.கே.புரத்துல எங்க சின்னம்மா வீடு இருக்கு. அணை உடைஞ்சா முதல்ல போறது அந்த வீடுதான். இப்போதான் போன் போட்டேன், கருப்பட்டிக் காபி போட்டுக்கிட்டு இருக்கா. தண்ணி நிறையத் திறந்துவிட்டிருக்கு, ஆத்தங்கரையில இருக்கிறவங்க மட்டும் மேட்டுக்கு வந்திருங்க. பள்ளிக்கூடம் திறந்திருக்கு.” பயம் நியாயம்னு ஒத்துக்கிட்டாரு, கதையை விசாரிச்சாரு, இப்போ செய்ய வேண்டியது எதுன்னு சொன்னாரு. நான் அரை மணி நேரமா பேசுறதை அவர் அரை நிமிசத்துல செஞ்சிட்டாரு.

நமக்குச் சாதகமா வர்ற பொய்க்கும் இதே நியாயம்தான். எதிர்க்கட்சித் தலைவரைப் பத்தி ஒரு போலிப் படம் வந்தா நமக்குக் கை பரபரங்குது, ரெட்டை அம்பு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. அதை அனுப்பிட்டு, மறுநாள் அத்தைகிட்ட போய் “விசாரிக்காம அனுப்பலாமா”ன்னு கேட்டா என்ன மரியாதை? மாவட்டக் குழுவுல இதைச் சொன்னப்போ ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க. சுளிக்கட்டும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை. போனை எடுத்து, நீங்க கடைசியா மத்தவங்களுக்கு அனுப்பின பத்துத் தகவலைத் திறந்து பாருங்க. எது உண்மைன்னு உங்களுக்கே தெரியலையோ, அதை அனுப்பின ஆளுக்கே திரும்ப ஒரு வரி எழுதுங்க: “நான் அனுப்பினது சரியான்னு எனக்கே தெரியல, மன்னிச்சிருங்க.” அடுத்த ஞாயித்துக்கிழமை வகுப்புல எத்தனை பேர் எழுதினீங்க, என்ன பதில் வந்ததுன்னு கேப்பேன். நானும் எழுதணும், என் பட்டியல்ல மூணு இருக்கு. அதுல ஒண்ணு அத்தைக்கு அனுப்பினது.